கயிறு பிடித்தவர்களின் பங்கு

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, சனிக்கிழமை காலை, நெடுந்தீவின் மேற்குக் கரையில் நீல நிற இரும்புப் பீப்பாய் ஒன்று ஒதுங்கியது. அதன் ஐந்தில் ஒரு பங்கில் திரவம் இருந்தது.

அதை முதலில் கண்டவர் படகு எஞ்சின் திருத்தும் நிதர்சன். பாறைகளுக்கு இடையில் சிக்கிக் கிடந்த பீப்பாயைத் தனியாக அசைக்க முடியவில்லை. கயிறு எடுத்து வந்து, கரையில் நின்றவர்களைக் கூப்பிட்டார். அவரோடு சேர்த்துப் பதினொரு பேர் இழுத்தார்கள். கால் மணி நேரத்தில் பீப்பாய் மணலுக்கு வந்தது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடல் கொண்டுவந்து போடுவது கண்டவருக்கு மட்டும் சொந்தமாகாது. கயிற்றில் கை வைத்தவர்கள் எல்லோருக்கும் பங்கு. மரக்குற்றி வந்தால் அறுத்துப் பிரிப்பார்கள், வலை வந்தால் வெட்டிப் பிரிப்பார்கள். முன்னொரு முறை குளிர்சாதனப் பெட்டி ஒன்று ஒதுங்கியபோது ஒருவருக்குக் கதவும் ஒருவருக்குத் தட்டுகளும் போயின. பெட்டியின் உடல் இன்றும் ஒரு வளவில் கோழிக்கூடாக நிற்கிறது.

பீப்பாயின் மூடியைக் கழற்றியபோது உள்ளே தண்ணீர்போலத் தெளிந்த ஒரு திரவம் இருந்தது. இனிப்பான வாடை. மண்ணெண்ணெயும் இல்லை, பெற்றோலும் இல்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த தாளை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது. மேற்பரப்பில் வெள்ளை மையில் அடித்த ஓர் எண் மட்டும் மிஞ்சியிருந்தது: 1710.

“ஆயிரத்து எழுநூற்றிப் பத்து. ஒல்லாந்தற்றை காலம்,” என்றார் ஒருவர். “கோட்டையிலை இருந்து உருண்டு விழுந்திருக்கும்.”

“முந்நூறு வருசம் கடலுக்குள்ளை கிடந்த பீப்பாய்க்கு ஸ்குரூ மூடி எப்பிடி வந்தது?”

“ஒல்லாந்தன் கெட்டிக்காரனடா.”

எல்லோரும் சிரித்தார்கள். நிதர்சன் ஒரு துணியை நனைத்துத் தன் கையிலிருந்த எஞ்சின் கறையைத் துடைத்துப் பார்த்தார். மூன்று வருடமாக நகத்துக்குள் இருந்த கறுப்பு ஒரே இழுப்பில் போனது. பிறகு சிரிப்பு நின்று, பங்கு பிரிக்கும் பேச்சுத் தொடங்கியது. பிளாஸ்ரிக் போத்தலில் ஊற்றினார்கள்; போத்தல் கொஞ்ச நேரத்தில் தளர்ந்து கோணலானது. அதனால் கண்ணாடிப் போத்தல் தேடினார்கள். பங்குக்கு இரண்டு போத்தல். மிச்சம் பீப்பாயோடு நிதர்சனின் கொட்டிலுக்குப் போனது.

அடுத்த இரண்டு கிழமையும் மேற்குக் கரையில் எஞ்சின்கள் கண்ணாடிபோல மின்னின. இடுப்பில் உடுத்தும், கறை போகாத சாரங்களில் கறை போனது.

*

மே மாதம் முதலாம் கிழமையில் ஆண்களின் முகம் சிவக்கத் தொடங்கியது.

பின்னேரம் தவறணையில் ஒரு போத்தல் கள்ளு இறங்கினால், அரை மணி நேரத்தில் கன்னத்திலும் கழுத்திலும் தோளிலும் சிவப்புத் திட்டுகள் எழும்பின. சுடுவதுபோல இருந்தது. ஒரு மணி நேரத்தில் அடங்கியது. அடுத்த நாள் குடித்தால் மறுபடி. வெள்ளிக்கிழமை ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்த ஆறு பேர் செம்பரத்தம்பூ மாதிரி இருந்ததைத் தவறணை முகாமையாளர் ரஜீபன் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். சனிக்கிழமை காலை அவர் முருகேசுவின் கள்ளை வாங்க மறுத்தார்.

முருகேசு ஐம்பத்திரண்டு வயதுக்காரர். பதினெட்டுப் பனைகளில் சீவுகிறார். அந்தப் பகுதித் தவறணைக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு அவருடையது.

“நான் என்ன செய்யிறது அண்ணை?” என்றார் ரஜீபன். “படத்தைப் பாருங்கோ. ஆக்கள் பயப்பிடினம். நீங்கள் ஏதோ கலக்கிறியள் எண்டு கதை.”

“கலக்கிறதோ? நான் கள்ளு முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசிறதைக்கூட நிப்பாட்டி நாலு மாசம். நீர் என்ன, என்னைப் பாத்து இந்தக் கதை கதைக்கிறீர்?”

“நான் சொல்லேல்லை. தவறணையை நடத்திற சங்கம் சொல்லுது. பத்தாந் திகதி வெள்ளிக்கிழமை கூட்டம். அதுக்கிடையிலை பீ.எச்.ஐ.யின்ரை அறிக்கை வந்து, கள்ளிலை பிழையில்லை எண்டால் எடுப்பம். இல்லாட்டி இந்தப் பருவத்துக்கு உங்கடை அனுமதியை வேறை ஆளுக்குக் குடுக்கப் போகினமாம்.”

பனைக்குக் கூட்டம் தெரியாது. காலையும் மாலையும் ஏறிப் பாளையின் நுனியைச் சீவாவிட்டால் சில நாளில் பாளை காய்ந்துவிடும். காய்ந்தால் அந்த மரத்தில் அந்தப் பருவம் முடிந்தது. ஆகவே முருகேசு விற்க முடியாத கள்ளுக்காக ஒரு நாளில் முப்பத்தாறு தடவை ஏறி இறங்கினார். இறக்கிய கள்ளை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. அதில் ஒரு பகுதியை மாடு வளர்க்கும் மயில்வாகனம் தீர்த்து வைத்தார். தினமும் வந்து முற்றத்தில் உட்கார்ந்து மூன்று போத்தல் குடித்தார்.

“எனக்கு ஒண்டும் செய்யேல்லை, பார்,” என்று முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். “நான் உனக்குச் சாட்சி. நாளைக்கும் சாட்சிக்கு வாறன்.”

“நீ சாட்சி சொல்லிறதுக்கு முதல் என்ரை பானை வெறுமையாப் போடும்,” என்றார் முருகேசுவின் மனைவி இராசமணி.

*

பீ.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வசீகரன் வேலணைக்காரர். நெடுந்தீவுக்கு வந்து எட்டு மாதம். திங்கட்கிழமை காலை முருகேசு வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். முட்டிகளை மணந்து பார்த்தார், வடிதுணியைப் பார்த்தார், இரண்டு சிறிய போத்தல்களில் கள்ளு எடுத்து முத்திரையிட்டார்.

“யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி மறுமொழி வர ரெண்டு கிழமை ஆகும், அண்ணை.”

“வெள்ளிக்கிழமை கூட்டம், ஐயா.”

“தெரியும்.”

“ரெண்டு கிழமையாலை மறுமொழி வந்தால் அதைக் கொண்டு போய் வேறை ஆளின்ரை மரத்திலை கட்ட வேண்டியதுதான்.”

வசீகரன் முற்றத்தின் பக்கம் திரும்பினார். அங்கே குடித்துக்கொண்டிருந்த மயில்வாகனத்தின் முகத்தைப் பார்த்தார். கறுப்பு முகம், ஒரு திட்டும் இல்லை.

“ஐயா எவ்வளவு குடிச்சனீங்கள்?”

“இண்டைக்கோ? இப்பதானே விடிஞ்சது. ரெண்டு.”

“நேற்று?”

“நேற்று ஞாயிற்றுக்கிழமை. கணக்கில்லை.”

வசீகரன் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். கள்ளில் பிழை என்றால் அதிகம் குடிப்பவர்தான் அதிகம் சிவக்க வேண்டும். அவர் ரஜீபனிடம் வாங்கி வந்த பெயர்ப் பட்டியலை வாசித்தார். முகம் சிவந்தவர்கள் பதினொரு பேர். பெயர்களைக் கேட்டுக்கொண்டு நின்ற இராசமணி அரிசி புடைப்பதை நிறுத்தினார்.

“தம்பி, இன்னொருக்கா வாசியுங்கோ.”

அவர் வாசித்தார்.

“இவையள் எல்லாரும் அண்டைக்கு அந்தப் பீப்பாய் இழுத்த ஆக்கள்,” என்றார் இராசமணி. “எங்கடை வேலிக்கரையாலைதான் உருட்டிக்கொண்டு போனவை. கலியாண ஊர்வலம் மாதிரிச் சத்தம். நான் ஒவ்வொருத்தரா எண்ணினனான். பதினொண்டு.”

“என்ன பீப்பாய், அக்கா?”

இராசமணி பீப்பாய்க் கதையையும், இழுத்தவர்களில் ஞாபகம் வந்த பத்துப் பெயர்களையும் சொன்னார். வசீகரன் எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பட்டியலை மறுபடி பார்த்தார்.

“எல்லாரும் எண்டு சொல்ல ஏலாது. இதிலை பத்துப் பேர்தான் பீப்பாய்க்காரர். பதினோராவது போஸ்ற்மாஸ்ரர் விநாயகமூர்த்தி ஐயா. அவரும் இழுத்தவரோ?”

“அவரோ! அவர் குடையைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறதே பெரிய காரியம்.”

“அப்ப இழுத்த ஒரு ஆள் சிவக்கேல்லை.”

“அது யசிந்தனாயிருக்கும். அவன் சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியன், குடிக்கிறேல்லை. ஆனால் தலையிடி, தலையிடி எண்டு மூண்டு நாளாத் தொழிலுக்குப் போகேல்லையாம்.”

வசீகரன் அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

*

செவ்வாய்க்கிழமை காலை வசீகரனும் முருகேசுவும் நிதர்சனின் கொட்டிலுக்குப் போனார்கள். முருகேசு வரவேண்டிய தேவை இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் துணிவு வசீகரனுக்கு வரவில்லை.

தூரத்திலேயே பாட்டுக் கேட்டது. நிதர்சன் பாடுகிறவர் அல்லர். வாடிக்கையாளர் வணக்கம் சொன்னால்கூட, “எஞ்சினை வைச்சிட்டுப் போ,” என்று மட்டும் சொல்லுகிறவர். இப்போது தகரக் கதவை மூடிக்கொண்டு, உள்ளே, உச்சக் குரலில் ஒரு காதல் பாட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

குசினியிலிருந்து அவருடைய மனைவி நிலுஜா வெளியே வந்தார்.

“எத்தினை நாளா இப்பிடி?” என்று வசீகரன் கேட்டார்.

“ரெண்டரைக் கிழமை. கலியாணம் கட்டி ஏழு வருசம், இந்த ரெண்டரைக் கிழமைதான் மனிசன் சிரிச்சுக்கொண்டு திரியிறார். ஏன், பாடினால் குற்றமோ?”

“பாட்டு முடிய எப்பிடி இருப்பார்?”

நிலுஜா கொஞ்சம் யோசித்தார். “பின்னேரம் தலை சுத்துது எண்டு படுத்திடுவார். சாப்பிட்டதைச் சத்தியும் எடுக்கிறவர். போன கிழமை யாழ்ப்பாணத்திலை ஒரு கலியாண வீட்டிலை ஒரு கிளாஸ் பியர் குடிச்சார். முகம் தக்காளிப்பழம். பொம்பிளை வீட்டுக்காரர் எல்லாம் பாத்துச் சிரிச்சது.”

முருகேசு நிமிர்ந்தார். “பியரோ? கள்ளு இல்லையோ?”

“பியர்தான். நான் பக்கத்திலை நிண்டனான்.”

“ஐயா, எழுதுங்கோ. பியர் எண்டு பெரிசா எழுதுங்கோ.”

வசீகரன் கதவைத் தட்டினார். திறந்ததும் இனிப்பு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே காற்றோட்டம் இல்லை. ஒரு பெரிய தட்டில் திரவத்தை ஊற்றி, எஞ்சின் உறுப்புகளை ஊறப்போட்டு, வெறுங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார் நிதர்சன். கைகள் வெளுத்து வெடித்திருந்தன. இரண்டு நிமிடத்தில் வசீகரனுக்கும் மனம் இலேசானது. நாளைக்கே இடமாற்றம் கிடைத்துவிடும் என்பதுபோல ஒரு நம்பிக்கை பிறந்தது. உடனே வெளியே வந்து, நிதர்சனையும் இழுத்து வந்து, பீப்பாயையும் வெளியே உருட்டச் சொன்னார்.

1710 என்ற எண்ணைக் கண்டதும் அவர் குனிந்தார். ஆபத்தான சரக்குகளுக்கு உலகம் முழுவதும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு என்று பயிற்சிக் காலத்தில் யாரோ சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. கைத்தொலைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. துறைமுகம் வரை சைக்கிளில் போய்த் தேடினார். முப்பத்தைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். போனதைவிட வேகமாக வந்தார்.

“இதின்ரை பேர் ட்ரைக்குளோரோஎத்திலீன்,” என்றார். “பெரிய தொழிற்சாலையளிலை இரும்பிலை பிடிச்ச எண்ணெய்க் கறை கழுவிறது. கன நாடுகளிலை இப்ப இதைக் கட்டுப்படுத்திப் போட்டாங்கள். மூச்சாலையும் போகும், தோலாலையும் போகும். இது உடம்பிலை இருக்கேக்கை ஏதாவது மதுவகை குடிச்சால் முகம் சிவக்கும். இதிலை வேலை செய்த தொழிலாளருக்கு அந்தச் சிவப்பு வந்து, அதுக்கெண்டு ஒரு பேரே வைச்சிருக்கினம்.”

“கேட்டனியோ?” என்றார் முருகேசு நிதர்சனைப் பார்த்து. “தொழிற்சாலைச் சிவப்பு. என்ரை பனையிலை தொழிற்சாலை இல்லை.”

நிதர்சன் சிரித்தார். இன்னும் மயக்கம் தெளியவில்லை. “சிவந்தால் என்ன? வடிவுதானே.”

“சிவப்பு போயிடும், அண்ணை,” என்றார் வசீகரன். “தலைச்சுத்தும் போகும். ஆனால் மாதக்கணக்கா, வருசக்கணக்கா இதுக்குள்ளை நிண்டால் ஈரலைத் தாக்கும், நரம்பைத் தாக்கும். சிறுநீரகத்திலை புற்றுநோய் கொண்டு வரும் எண்டு நிரூபிச்சிருக்கினம். நீங்கள் பாடிறது சந்தோசத்திலை இல்லை. ஒரு காலத்திலை சத்திரசிகிச்சைக்கு ஆக்களை மயக்கிறதுக்கும் இதைத்தான் மணக்கக் குடுத்தவை.”

நிலுஜாவின் முகம் மாறியது. போய்க் கொட்டிலின் இரண்டு கதவுகளையும் கழற்றி வேலியில் சாய்த்து வைத்தார்.

இந்த இடத்தில்தான் பெரிய பிழை நடக்கப் பார்த்தது. நிதர்சன் எழும்பினார், பயம் வந்துவிட்டது. “உந்தச் சனியன் இஞ்சை ஒரு நிமிசமும் வேண்டாம்,” என்று பீப்பாயைப் பின்வளவுக்கு உருட்டினார். அங்கே பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. எந்தக் கழிவை ஊற்றினாலும் சத்தமில்லாமல் குடிக்கும் வெடிப்பு. அதற்கப்பால் முப்பதடி தூரத்தில் அந்தப் பகுதியின் நல்ல தண்ணீர்க் கிணறு.

வசீகரன் ஓடிப்போய்ப் பீப்பாயின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“ஊத்தாதேங்கோ! இது தண்ணியைவிடப் பாரம். மண்ணெண்ணெய் மாதிரி மேலை மிதக்காது. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளாலை இறங்கி, நல்ல தண்ணிக்குக் கீழை போய்ப் படுத்திடும். பிறகு கிணத்தை எத்தினை தரம் இறைச்சாலும் எடுக்க ஏலாது. உங்கடை பிள்ளையள் மட்டுமில்லை, பேரப்பிள்ளையளும் அதைத்தான் குடிக்க வேண்டி வரும்.”

நெடுந்தீவில் நல்ல தண்ணீரைப் பற்றி இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை. நிதர்சன் பீப்பாயிலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப என்ன செய்யிறது?”

“மூடியை இறுக்கி, நிழலிலை வையுங்கோ. போத்தலுகள் எல்லாத்தையும் திருப்பி எடுக்க வேணும். எத்தினை போத்தல் குடுத்தனீங்கள்?”

“பங்குக்கு ரெண்டு. இருபத்திநாலு.”

“பதினொரு பேருக்கு இருபத்திரண்டெல்லோ?”

நிதர்சன் நெற்றியைத் தடவினார். “இருபத்திநாலுதான். கண்ணாடிப் போத்தல் ரெண்டு டசின் கடையிலை எடுத்தனான், ஒண்டும் மிஞ்சேல்லை. ஆருக்குக் கடைசியாக் குடுத்தனான் எண்டுதான்… அண்டைக்கும் தலை சுத்தினது.”

*

புதன்கிழமை முருகேசு தன் சைக்கிளின் பின்னால் மரப்பெட்டியைக் கட்டினார். கள்ளுப் போத்தல் கொண்டுபோகிற அதே பெட்டி. வீடு வீடாகப் போக அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று வசீகரன் சொன்னார். முருகேசுவுக்கும் அது பிடித்திருந்தது.

“முருகேசுவின்ரை கள்ளைக் குடிச்சு முகம் சிவந்த ஐயா இருக்கிறாரோ?” என்று ஒவ்வொரு படலையிலும் குரல் கொடுத்தார். “சுகம் விசாரிக்க வந்தனான்.”

சிலர் வெட்கப்பட்டார்கள். சிலர் போத்தலைக் கொடுக்கத் தயங்கினார்கள். ஒரு வீட்டுக்காரி, இனித் தன் கணவனின் சாரத்துக் கறையை யார் போக்குவது என்று கேட்டார்.

“கறையோடை உயிரோடை இருக்கட்டும், அக்கா,” என்றார் வசீகரன். “இனி அந்தத் துணியளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலிலை காயவிடுங்கோ.”

யசிந்தனின் வீட்டில் போத்தல்கள் கட்டிலுக்குக் கீழே இருந்தன. ஒன்றின் மூடி சரியாக இல்லை. அவற்றை எடுத்த அடுத்த நாளே அவருடைய தலையிடி நின்றது. ஒரு வீட்டில் குசினித் தட்டில், வினாகிரிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை வசீகரன் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலைக்குள் இருபத்திரண்டு போத்தல்கள், சில பாதி குறைந்து, பெட்டியில் இருந்தன. இரண்டு போத்தல்களைக் காணவில்லை.

தவறணைக்குப் போய் ரஜீபனிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். ரஜீபன் கவனமாகக் கேட்டார். பிறகு தலையாட்டினார்.

“பத்துப் பேருக்கு நியாயம் சரி. ஆனால் போஸ்ற்மாஸ்ரர்? அவருக்குப் படகுமில்லை, எஞ்சினுமில்லை. உங்கடை கள்ளு அரைப் போத்தல் குடிச்சார், சிவந்தார். சங்கத்தின்ரை தலைவருக்கு அவர் சகலன். நாளண்டைக்குக் கூட்டத்திலை அவர் எழும்பி, ‘நான் பீப்பாயைத் தொடேல்லை’ எண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.”

முருகேசு வீட்டுக்குத் திரும்பினார். அன்று மாலையும் பதினெட்டு மரம் ஏறினார்.

*

வியாழக்கிழமை பிற்பகல், நிலுஜா முருகேசு வீட்டுக்கு வேகமாக நடந்து வந்தார். கணவர் தெளிந்துவிட்டார். தெளிந்ததற்கு அடையாளமாகக் காலையிலிருந்து எல்லோரையும் திட்டுகிறார். திட்டும்போது கடைசிப் பங்கும் ஞாபகம் வந்துவிட்டது.

“கயிறு பிடிச்சவைக்கு மட்டுமில்லை,” என்றார் நிலுஜா. “இழுக்கேக்கை தாளம் சொன்ன ஆளுக்கும் பங்கு குடுக்கிறதெல்லோ வழக்கம். மதிலிலை குந்தியிருந்து, குடையாலை தட்டித் தட்டி, ‘ஏலேலோ’ சொன்னவர் ஆர் தெரியுமோ? போஸ்ற்மாஸ்ரர்! பங்கை வாங்கிக்கொண்டு கடற்கரையாலை போனவராம்.”

“அதுதான் என்ரை வேலிக்கரையாலை போகேல்லை,” என்றார் இராசமணி.

முருகேசு சைக்கிளை எடுத்தார். வழியில் வசீகரனையும் கூட்டிக்கொண்டார். விநாயகமூர்த்தியின் வீட்டு வாசலில் நான்கு பயணப் பெட்டிகள் இருந்தன. அப்போதுதான் வந்த படகில் கனடாவிலிருந்து மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். விறாந்தையில் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. மேசையில் நான்கு சிறிய கண்ணாடிக் குவளைகள். அவற்றுக்கு நடுவே, வெள்ளைக் கைக்குட்டை கட்டிய கழுத்தோடு, திறந்த போத்தல் ஒன்று.

“வாரும், முருகேசு,” என்றார் விநாயகமூர்த்தி உற்சாகமாக. “நீர் கள்ளு விக்கிற ஆள், இதின்ரை அருமை உமக்குத் தெரியும். மருமோன், இது ஆயிரத்து எழுநூற்றிப் பத்தாம் ஆண்டு ஒல்லாந்தருடைய சரக்கு. கடலுக்கடியிலை முந்நூறு வருசம் பதம் வந்தது. ரெண்டு கிழமையா மூடியைத் திறந்து, என்ரை அறையிலை காத்துப் பட வைச்சிருக்கிறன். பழைய சரக்குக்கு அப்பிடித்தான் செய்ய வேணுமாம்.”

“குடிச்சனீங்களோ?” என்று வசீகரன் கேட்டார். குரல் உயர்ந்துவிட்டது.

“நானோ? மருமோனுக்கு முதல் நான் எப்பிடிக் குடிக்கிறது? மணந்து பாக்கிறதோடை சரி. ராவிலை நல்ல நித்திரை.”

முருகேசு போத்தலை எடுத்துவிட்டார். கேட்கவில்லை, எடுத்துவிட்டார். கைக்குட்டையை அவிழ்த்து மேசையில் வைத்து, தன் மடியிலிருந்த தக்கையால் வாயை அடைத்தார்.

“முருகேசு! உமக்கு என்ன துணிவு!”

வசீகரன் விளக்கினார். எண், தொழிற்சாலை, ஈரல், சிறுநீரகம். ஒரு குவளை குடித்திருந்தால் மருமகனை மயக்கத்தோடு கடல் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்திருக்கும், கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்களா என்பதும் நிச்சயமில்லை என்றார். மருமகன் கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டார்.

“ஆனால் எண் இருந்தது…” என்றார் விநாயகமூர்த்தி.

“முப்பத்திநாலு வருசம் தபாலட்டையிலை எண் வாசிச்சனீங்கள், அப்பா,” என்றாள் மகள். “ஸ்குரூ மூடி போட்ட பீப்பாயைப் பாத்துமோ?”

விநாயகமூர்த்தி குவளைகளை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு எழும்பி உள்ளே போய், அலுமாரியைத் திறந்து, மற்றப் போத்தலைக் கொண்டுவந்து முருகேசுவின் சைக்கிள் பெட்டியில் வைத்தார். அது திறக்கப்படவே இல்லை. மேலே மையால் எழுதப்பட்டிருந்தது: ‘பேரன் கலியாணத்துக்கு.’

“இருபத்திநாலு,” என்றார் வசீகரன்.

“முருகேசு,” என்றார் விநாயகமூர்த்தி மெதுவாக. “அப்ப உம்முடைய கள்ளிலை ஒரு பிழையும் இல்லை.”

“இல்லை, ஐயா.”

“நான் சகலனுக்கு ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதிப் போட்டன்.”

“தபாலிலையோ?”

“ஓம், தபாலிலை.”

“அப்ப பயமில்லை,” என்றார் முருகேசு. “வெள்ளிக்கிழமைக்கு முதல் போய்ச் சேராது.”

முதலில் சிரித்தது மகள். பிறகு மருமகன். கடைசியாக, தன் தொழிலைப் பற்றிய கருத்து என்பதால் கொஞ்சம் தயங்கி, விநாயகமூர்த்தியும் சிரித்தார். காலியாக இருந்த குவளைகளைப் பார்த்து, மருமகனுக்கு இப்போது என்ன கொடுப்பது என்று கேட்டார். முருகேசு, ஆறு நாளாகக் கள்ளு விற்காத ஆள் ஒருவர் இங்கேயே நிற்கிறார் என்றும், அரை மணி நேரத்தில் புதுக் கள்ளு இறக்கலாம் என்றும் சொன்னார்.

“ஐயாவுக்கு வேண்டாம்,” என்றார் வசீகரன். “இன்னும் ரெண்டு மூண்டு கிழமைக்கு நீங்கள் சிவப்பீங்கள். மருமகனுக்குக் குடுங்கோ.”

மருமகன் இரண்டு போத்தல் குடித்தார். அவருடைய முகத்தை அங்கிருந்த எல்லோரும் ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை.

*

மே 10ஆம் திகதி வெள்ளிக்கிழமை நடந்த கூட்டத்தில் வசீகரன் மூன்று பக்க அறிக்கையை வாசித்தார். விநாயகமூர்த்தி எழும்பி, பீப்பாய் இழுத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அனுமதி முருகேசுவிடமே இருந்தது. அன்று மாலை ரஜீபன் பதினெட்டு மரத்துக் கள்ளையும் அளந்து எடுத்தார்.

மே 15ஆம் திகதி பீப்பாயும் இருபத்திநாலு போத்தல்களும் முத்திரையிடப்பட்டு, படகில் குறிகட்டுவானுக்கும் அங்கிருந்து லொறியில் பாதுகாப்பான அழிப்புக்கும் அனுப்பப்பட்டன. படகில் ஏற்றும்போது கயிறு தேவைப்பட்டது. ஒன்பது பேர் இழுத்தார்கள். பங்கு கேட்கப்படவில்லை.

கிணற்றுத் தண்ணீரின் மாதிரியில் அந்த இரசாயனம் காணப்படவில்லை. பன்னிரண்டு பேருக்கு இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்பட்டன. பதினொரு பேருக்குக் குறை இல்லை. நிதர்சனின் இரத்தத்தில் ஈரல் நொதியத்தின் அளவு சற்று உயர்ந்திருந்தது. ஓகஸ்ட் மாதம் மறுபடி பார்த்தபோது சரியான அளவில் இருந்தது. அவர் இப்போது எஞ்சின்களைக் கதவில்லாத கொட்டிலில், சவர்க்காரத்தால் கழுவுகிறார். பாடுவதில்லை.